தங்கம் தேடி வெட்டிய ஏழு குழிகள்

அமெரிக்கா போய் வந்தேன் என்றால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அந்தப் பெரிய அருவியைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. நான் பார்த்தது ஏழு குழிகள். வெட்டியதில் எனக்கும் பங்கு உண்டு, மூடியதிலும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

தாராபுரத்தில் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சங்கிலி பிடித்து, கல் நட்டு, வரப்புச் சண்டை தீர்த்த கை இது. அளக்கப் போன இடத்தில் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு, 'இந்தம்மாவுக்கு இது பழக்கம் போல' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை. மில்பிடாஸ் என்ற ஊரில் மகள் வீடு. நான் வந்து இறங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ராத்திரியில் முழிப்பு, பகலில் தூக்கம். மகள் பவித்ரா இந்தியக் கடைக்குக் கூட்டிப் போனாள். முருங்கைக்காயைத் துண்டு போட்டு, பனிக்கட்டி ஆக்கி, பையில் அடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு வேலியில் அது சீந்துவார் இல்லாமல் முற்றிப்போய்த் தொங்குகிறது. கடுப்பில் இரண்டு பை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் மாப்பிள்ளை ஏதோ ஒரு கறுப்புச் சாமானைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்குக் கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல் மாதிரி, அடியில் ஒரு தட்டு.

"ஏனுங் மாப்பிள்ளை, யாருக்குக் கால் முறிஞ்சுது?"

"இல்லீங் அத்தை, இது மெட்டல் டிடெக்டர். கோல்டு தேடறது. மலைப்பக்கம் போய் ஸ்கேன் பண்ணுவோம். வீக்கெண்ட் ஹாபி."

மாப்பிள்ளை செந்தில் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அதிர்ந்து பேசாதவர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து முழுசாகப் பத்து வாக்கியம் பேசியிருப்பாரா என்பது சந்தேகம். நானும் அப்படித்தான், மாப்பிள்ளையிடம் அளந்துதான் பேசுவது. அவர் அப்பா இறந்தபோது, ஊருக்குப் போனால் திரும்பி வர விசா கிடைக்குமோ கிடைக்காதோ என்று போகாமல், காரியத்தைப் போனிலேயே பார்த்தார். அதற்கப்புறம்தான் இந்த மெஷின் வாங்கியதாகப் பவித்ரா சமையலறையில் சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு நீயும் அவர் கூடப் போ. எனக்கு இந்த வாரம் ஆன்-கால், ஆபீஸ்ல எப்ப வேணா கூப்பிடுவாங்க, நகர முடியாது. மூணு வாரத்துல கிரீன் கார்டு இன்டர்வியூ. பன்னண்டு வருஷம் வெயிட் பண்ணியிருக்கார். ஒரு ஸ்பீடிங் டிக்கெட், ஒரு போலீஸ் ரிப்போர்ட், எதுவும் ஆயிடக் கூடாது. அந்த மெஷினைக் கையில எடுத்தா அவருக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நீதான் பாத்துக்கணும்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

சனிக்கிழமை புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். லிவர்மோர் தாண்டியதும் மலை முழுக்கக் காற்றாலைகள். தாராபுரத்தை விட்டு இத்தனை கடல் தாண்டி வந்தும் கண்ணெதிரே அதே காத்தாடிதான். மாப்பிள்ளை வேகப் பலகையில் போட்டிருந்ததற்கு ஒரு மைல் மேலே போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனான். இவர் காதில் வாங்கவே இல்லை.

சாயங்காலம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரே தெரு. தங்கம் தேடுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் மாப்பிள்ளை பாட்டரி வாங்கினார். கல்லாவில் இருந்த தாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கம் தேடி வர்றவங்க எல்லாம் துருப்பிடிச்ச ஆணியோடதான் திரும்பறாங்க," என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மேல ஓடைப்பக்கம் கவனமாப் போங்க. அங்க கிளெய்ம் வெச்சிருக்கற அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. ஏற்கெனவே ரெண்டு பேரை ஷெரீஃப்கிட்ட பிடிச்சுக் கொடுத்திருக்காங்க," என்றார்.

கிளெய்ம் என்றால் என்னவென்று மாப்பிள்ளை விளக்கினார். நிலம் சர்க்காருடையது. ஆனால் ஒரு துண்டைப் பதிவு செய்துகொண்டவருக்குத்தான் அதற்குள் இருக்கும் தங்கம் சொந்தம். நாலு மூலையிலும் கம்பு நட்டு, ஒரு டப்பாவில் பேப்பரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். நம் ஊர் கல்குவாரி குத்தகை மாதிரி என்று எனக்கு உடனே பிடிபட்டது. எல்லைக்கல் விஷயத்தில் எனக்கே பாடமா என்று மனசுக்குள் ஒரு திமிர்.

லாட்ஜில் புளிசோற்றைச் சூடு பண்ணினோம். பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து மூக்கை நீட்டினார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். ஒரு வாய் கிடைக்குமா என்று கேட்டு, தட்டோடு வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பயணத்தில் நிம்மதியாக இருந்த கடைசி நேரம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் மண்பாதையில் ஏறியது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸிலேயே போக வேண்டும். ஓக் மரங்களும் காய்ந்த புல்லும் சிவப்பு மண்ணும். போனில் டவர் போய்விட்டது. கிளெய்ம் எல்லை காட்டும் மேப் வெறும் சாம்பல் கட்டங்களாக நின்றது. "பரவாயில்லீங்க, கம்பு கண்ணுல பட்டா திரும்பிரலாம்," என்றார் மாப்பிள்ளை.

மெஷினைப் போடுவதற்கு முன், "அத்தை, ஒங்க மேல மெட்டல் எதுவும் இருக்கக் கூடாதுங்க," என்றார் தரையைப் பார்த்தபடி. வளையல், மோதிரம், தோடு, கொண்டை ஊசி, சங்கிலியில் கொத்தாகத் தொங்கிய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிக் காரில் வைத்தேன். தாலியைத் தொட்டுக் காட்டினேன். "ஐயோ, அது வேண்டாங்க! மேல இருக்கறது ஒண்ணும் பண்ணாது," என்று பதறினார். நான் மண்வெட்டி தூக்க, அவர் தட்டைத் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டு நடந்தார்.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பின்னால் நடந்து அலுத்துப்போய், நான் அவர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். மெஷின் 'கீஈய்ங்' என்றது.

"அத்தை! சிக்னல்!"

வெட்டினோம். முழங்கால் ஆழம். நான் குழி ஓரத்தில் நின்று குனிந்தபோது சத்தம் பலமாக வந்தது, விலகியபோது நின்றது. "ரொம்பச் சின்னத் துகளுங்க, மண்ணோட கலந்து நழுவுது," என்றார். அடுத்த குழியிலும் அதே கதை. மூன்றாவதும் அப்படித்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒன்பது வருஷத்தில் பார்க்காத வெளிச்சம். "அத்தை, இது வரிசையா மேல போகுதுங்க. இதுக்குப் பேருதான் வெய்ன், தங்கத்தோட நரம்பு!" என்று கத்தினார். எனக்கும் ஜுரம் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு முன்னாலேயே மேட்டில் ஏறினேன். நான் நின்ற இடத்தில் எல்லாம் தங்கம் கூப்பிட்டது. வழியில் ஒரு கம்பு நின்றது, அதன் தலையில் துருப்பிடித்த காபி டப்பா. எவனோ குப்பையை மாட்டி வைத்திருக்கிறான் என்று தாண்டிப் போனேன். முப்பது வருஷம் எல்லைக்கல் பார்த்த கண்!

ஏழாவது குழியில் இருந்தபோது நாய் குரைத்தது.

நிமிர்ந்தால், கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். அதன் பின்னால் ஒரு அம்மாள். என் வயதுக்கு மேலேயே இருக்கும். நரைத்த பின்னல், ஆம்பளைச் சட்டை, இடுப்பில் தோல் உறையில் துப்பாக்கி. அதை அவள் தொடவில்லை. தொடாமல் நின்றதைப் பார்த்ததும் நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றாள்.

மாப்பிள்ளையின் கையிலிருந்து மெஷின் நழுவியது. மன்னிக்கணும், மேப் வேலை செய்யவில்லை, கம்பைப் பார்க்கவில்லை என்று தடுமாறினார். அவள் அவருடைய டிரைவிங் லைசென்சை வாங்கித் தன் போனில் போட்டோ எடுத்தாள். "ஏழு குழி. எடுத்ததை எல்லாம் வெளியே வை." எதுவும் கிடைக்கவில்லை என்றார் இவர். "ஒண்ணுமே கிடைக்காமத்தான் ஏழு குழி வெட்டினீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அவளே மெஷினை எடுத்து எங்கள் பையின் மேல் ஆட்டினாள். சத்தமில்லை. மாப்பிள்ளையைத் தலை முதல் கால் வரை தட்டால் தடவினாள். கொஞ்சமும் சத்தமில்லை. என்னிடம் வந்தாள். தட்டு என் கால் பக்கம் இறங்கியதும் மெஷின் வீறிட்டது.

அவள் முகம் மாறியது. கை இடுப்புக்குப் போனது. "ஷூவைக் கழட்டு."

"அத்தை..." மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"நான் ஏனுங் எடுக்கறேன்?" என்று சீறிக்கொண்டே ஷூவையும் தடித்த சாக்ஸையும் உருவினேன். அங்கே என் கால்விரலில் இரண்டு வெள்ளி மெட்டி.

மெட்டியை யாராவது நகைக்கணக்கில் சேர்ப்பார்களா? கல்யாணத்தன்று அம்மி மேல் கால் வைத்துப் போட்டது. விரலோடு விரலாக ஆகிவிட்டது. நகையைக் கழற்று என்றால் எந்தப் பொம்பளைக்கு அது ஞாபகம் வரும்? அதைக் கழற்றச் சொல்லலாம் என்று எந்த மாப்பிள்ளைக்குத்தான் தோன்றும்?

"அதையும் கழட்டு," என்றாள்.

"நோ," என்றேன்.

"அத்தை, ப்ளீஸ். ரெண்டு நிமிஷம். அவங்க போலீசைக் கூப்பிட்டா என் இன்டர்வியூ போச்சுங்க. எல்லாம் போச்சுங்க."

"வீட்டுக்காரர் ஊர்ல கல்லாட்டம் இருக்கறப்ப நான் இதைக் கழட்ட மாட்டனுங்க. சித்த சும்மா இருங்க." ஷூவையும் சாக்ஸையும் அவள் முன்னால் தூக்கிப் போட்டு, இப்போது ஆட்டிப் பார் என்று சைகை காட்டினேன். ஆட்டினாள். சத்தமில்லை. வெறுங்காலை நீட்டினேன். கீஈய்ங். காலை எடுத்தேன். நின்றது. மறுபடி நீட்டினேன். கீஈய்ங்.

குனிந்து என் மெட்டியைப் பார்த்தாள். பிறகு அவள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தாள். "காலையில இருந்து இந்தம்மா கால்விரலைத் தேடித் தேடி வெட்டியிருக்கே!" அந்த நிம்மதியில் மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். எனக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆனது. என் தாலிபாக்கியம் இவளுக்கு வேடிக்கையா?

"ஏழு குழியையும் மூடிட்டுப் போங்க. ஒரு குழி திறந்திருந்தாலும், ஒரு துகள் காணாமப் போனாலும், இந்த போட்டோ ஷெரீஃப்கிட்ட போகும்." பாறை மேல் உட்கார்ந்துகொண்டாள். நாய் எங்களையே பார்த்தது.

வெறுங்காலோடு மண்ணைத் தள்ளினேன். மாப்பிள்ளை வேகமாக மூடிக்கொண்டே கீழே போனார். மேலிருந்து மூன்றாவது குழியில், அள்ளிப் போட்டிருந்த மண்ணைக் காலால் தள்ளும்போது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே என்னவோ சிக்கியது. துவரம்பருப்பு அளவு. மங்கலான மஞ்சள். அளவுக்கு மீறிய கனம். என் மெட்டிக்குக் கத்திய மெஷின், அதற்கு ஒரு அடி தள்ளி இருந்ததை எங்களுக்குக் காட்டவே இல்லை.

கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் பாறை மேல் உட்கார்ந்து, என் காலைப் பார்த்து, இன்னும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிடி நீ, என்று நினைத்தேன். சாக்ஸை மாட்டும்போது பருப்பும் உள்ளே போனது.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு முறை மெஷினை ஆட்டினாள். என் கால் பக்கம் வந்ததும் அது வீறிட்டது. என் நெஞ்சு அடித்த அடி நாய்க்கே கேட்டிருக்கும். "தெரியும், தெரியும்," என்று கையை வீசிவிட்டு, போகச் சொன்னாள்.

கார் கீழே இறங்கியது. மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தப்பிச்சோமுங்க அத்தை. ஒங்க மூளைதான் காப்பாத்துச்சு," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாக்ஸை உருவி, பருப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "நீங்க தேடினதுங்க மாப்பிள்ளை. இந்தாங்க."

பாதி ரோட்டில் பிரேக் அடித்தார். பள்ளத்துப் பக்கச் சக்கரத்தின் கீழே கல் உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.

"என்ன பண்ணியிருக்கீங்க?"

"அவளுக்கு எங்க தெரியப் போகுது?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமே!" கத்தினார். என் மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கத்தினார். "கிரீன் கார்டு ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு, அத்தை. பிடிபட்டிருந்தாலும் சரி, பிடிபடாட்டியும் சரி, எப்பவாச்சும் ஏதாச்சும் குற்றம் பண்ணியிருக்கீங்களான்னு கேக்கறான். ஆபீசர் முன்னாடி சத்தியம் பண்ணிச் சொல்லணும். பன்னண்டு வருஷமா ஒரு சிக்னல் கூட ஜம்ப் பண்ணாம இருக்கேன், அந்த ஒரு கேள்விக்கு 'இல்லை'ன்னு சொல்றதுக்காக. இப்ப நான் என்னத்தச் சொல்றது?"

முப்பது வருஷம் டீ குடிக்காத வீராப்பெல்லாம் ஒரு பருப்புக்குக் காணாமல் போயிருந்தது. வெட்கத்தில் அழுகை வந்தது. "வண்டியைத் திருப்புங்க," என்றேன்.

"திரும்பிப் போனா அவங்க கண்டிப்பா ஷெரீஃபைக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். எடுத்தது நான்னு நானே சொல்றனுங்க. திருப்புங்க."

திருப்ப எங்கே இடம்? நான் இறங்கிப் பள்ளத்து ஓரத்தில் நின்று, "வரட்டும், வரட்டும், ஐயோ போதும்!" என்று கத்த, ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே என்று பதினைந்து தடவை ஒடித்துத் திருப்பினார். ஒரு தடவை பின்சக்கரம் அரைவாசி வெளியே போனது. அப்போது பவித்ராவின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

குழி வெட்டிய மேட்டுக்குக் கீழே, ஒரு கேட்டுக்குள், சக்கரம் வைத்த அவளுடைய வண்டிவீடு நின்றது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாய் பாய்ந்து வந்தது. அவள் வெளியே வந்து, எங்கள் காரைக் கண்டதும் கையை இடுப்பில் வைத்தாள். மாப்பிள்ளையைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். கையை விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில் சொன்னேன்: இது உன்னுடையது. நான் எடுத்தேன். அவருக்குத் தெரியாது. தப்பு என்னுடையது.

அவள் பருப்பை எடுத்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை பொறுக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டார். அவர் மூச்சு என் பின்னால் கேட்டது. அவள் வாய் திறந்தாள்.

"எந்தக் குழி?"

"மேலிருந்து மூணாவது," என்றேன். "ஒத்தை ஓக் மரத்துக்குக் கிழக்கே எட்டடி."

அவள் உள்ளே ஓடித் தன் மெஷினைத் தூக்கி வந்தாள். அந்த போட்டோ, என்று மாப்பிள்ளை இழுத்தார். "நீயே அழிச்சுக்கோ, எனக்கு வெளிச்சம் போகுது!" என்று போனைத் திறந்து அவர் கையில் திணித்துவிட்டு, மேட்டில் ஏற ஆரம்பித்தாள். எங்களை மறந்தே போனாள். நாய் கூட அவள் பின்னால் ஓடியது. மாப்பிள்ளை போட்டோவை அழித்தார். அழித்ததை இரண்டு முறை சரிபார்த்தார். போனைப் படியில் வைத்துவிட்டு, கேட்டைச் சாத்தினார். ராத்திரி மில்பிடாஸ் வந்து சேர்ந்தோம். "ஏதாச்சும் கிடைச்சுதா?" என்று பவித்ரா கேட்டதற்கு, "ஆணி," என்றார்.

இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. அவர் செய்யாத குற்றத்துக்கு அவர் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும், சொன்னார். கார்டு வந்தது. நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் பவித்ரா போனில் ஒரே சந்தோஷம். "சிட்டிசன் ஆனதும் முதல் வேலை ஒனக்கும் அப்பாவுக்கும் கிரீன் கார்டு அப்ளை பண்றதுதாம்மா. இனி எங்ககூடவே இருந்துக்கலாம். அவர் ஃபில் அப் பண்ணின அதே ஃபார்ம்தான், ஈசி."

பின்னால் மாப்பிள்ளை எதையோ கீழே வைத்த சத்தம் கேட்டது. எனக்கும் அவருக்கும் அந்த ஒரு கேள்விதான் ஞாபகம் வந்திருக்கும்.

"எங்களுக்கு வேண்டாம் சாமி," என்றேன். "அங்கெல்லாம் வந்து எங்களால இருக்க முடியாது."

ஏன் என்று கேட்டாள். குளிர் என்றேன். சாப்பாடு என்றேன். நம்பவில்லை. "என்கூட இருக்கறதுக்கு ஒனக்குப் பிடிக்கலே, அதைச் சொல்லு," என்று அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள்.